வடகடலுக்கு அடியில் ஒரு தீவு

1

என் மகள் சுகந்தியின் வகுப்பு ஆசிரியை போன கிழமை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இந்த நாட்டில் ஆசிரியர்கள் அப்படித்தான் தொடங்குவார்கள். அதைக் கேட்ட பிறகுதான் நமக்குப் பயம் பிடிக்கும்.

விஷயம் இதுதான். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் தகப்பன் என்ன வேலை செய்கிறார் என்று சொல்லவேண்டும். நாங்கள் இருக்கும் ஸ்தவாங்கர் நோர்வேயின் எண்ணெய்ப் பட்டினம். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் தகப்பன்மார் எண்ணெய் வேலை, மிச்சப் பேர் மீன், கப்பல் என்று போகும். சுகந்தி எழுந்து, "என் அப்பா கடலுக்கு அடியில் தண்ணீர் தேடுகிறார்" என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பு சிரித்ததாம். எண்ணெய் என்று சொல்ல வந்து தடுமாறிவிட்டாயா என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். "இல்லை, தண்ணீர்தான். அப்பாவின் கந்தோரில் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள்" என்று இவள் விட்டுக்கொடுக்காமல் நின்றிருக்கிறாள். பிள்ளை வீட்டில் ஏதாவது குழப்பத்தோடு வளர்கிறதா என்று ஆசிரியைக்குக் கவலை.

பின்னேரம் மகளைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?"

அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொன்னாள். எங்கள் வீட்டில் கேள்வி தமிழில் போகும், பதில் நோர்வேஜியத்தில் வரும். இடையில் என் நோர்வேஜியத்தை அவள் திருத்துவாள், அவள் தமிழை நான் திருத்துவேன், இருவரும் திருந்துவதில்லை. கந்தோரில் உங்கள் மேசையில் தண்ணீர் வைத்துச் சிரித்தார்களே, நான் கண்டேன்தானே என்றாள்.

குசினிக்குள் நின்ற என் மனைவி நாகேஸ் எட்டிப் பார்த்தாள். "அவள் சொன்னதிலை என்ன பிழை? உண்மையைத்தானே சொன்னவள்" என்றாள். பிறகு தானே சிரிக்கத் தொடங்கி, அகப்பையை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்து சிரித்தாள்.

ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஒரு நாள் என் மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர் வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு சின்னக் கொடி. போன முறை சுகந்தி என்னோடு கந்தோருக்கு வந்திருந்தபோது பார்த்துவிட்டாள். அந்த நாள் இதோ மறுபடியும் வரப்போகிறது. ஊரில் பலர், "அங்கை உமக்கு என்ன வேலை, விளங்க எழுதும்" என்று கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று இருக்கிறேன்.

2

நான் கடலில் துளை போடுகிறவன் இல்லை. துளை போடும் மேடைக்கு ஒரே ஒரு முறை ஹெலிகொப்டரில் போய், போகும்போதும் வரும்போதும் வாந்தி எடுத்தேன். நயினாதீவில் பிறந்து வளர்ந்தவன் கடலில் தலைசுற்றி விழுந்தான் என்று ஊரில் யாரும் அறிய வேண்டாம் என்று இவ்வளவு நாளும் எழுதவில்லை. என் வேலை கதிரையில் இருந்து செய்வது. பெரிய மேசை, பெரிய வரைபடங்கள், கலர் பென்சில்கள். சுகந்தியின் பள்ளிக்கூடப் பையில் இருப்பதை விடக் கூடுதலான கலர் பென்சில்கள் என் மேசை லாச்சியில் இருக்கின்றன.

கடலின் அடித்தளத்துக்கும் கீழே, மணலும் சேறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வந்து நிரம்பிய பெரும் பள்ளங்கள் உண்டு. புத்தகத்தில் படுகை என்று எழுதுவார்கள். ஒரு கடலின் படுகையை இன்னொரு கடலின் படுகையோடு பக்கத்தில் வைத்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுபடுகிறது என்று பார்ப்பதுதான் எனக்கு முதலில் தந்த வேலை. ஒன்றில் எண்ணெய் இருந்தால் அதன் சாயலில் உள்ள மற்றதிலும் இருக்குமா என்று கேட்பார்கள். நாகேஸ் இங்கே வந்த புதிதில் இதை அவளுக்கு விளங்கப்படுத்தினேன். "ஒப்பிட்டுப் பாக்கிற வேலையோ? அதைத்தானே என்ரை சமையலையும் மாமியின்ரை சமையலையும் வைச்சு ஒவ்வொரு நாளும் செய்யிறியள்" என்றாள்.

சமையல் என்று அவள் சொன்னது தற்செயல். ஆனால் எண்ணெய்க்காரர்கள் உலகம் முழுக்க இதைக் குசினி என்றே சொல்கிறார்கள். உங்களுக்காக இலேசாக்கி நான் கட்டிய கதை இல்லை. செத்த கடலுயிர்கள் நிறைந்த கறுப்புச் சேறு ஆழத்தில் புதைந்து, சூட்டில் வேகவேண்டும். அந்த இடம் குசினி. சூடு குறைந்தால் பச்சையாகவே கிடக்கும். அளவோடு வெந்தால் எண்ணெய். கூட வெந்தால் வாயு. வெந்தது மேலே ஏறிவரும். ஏறிவருவதைப் பிடித்துவைக்க நுண்ணிய துளைகள் உள்ள மணற்கல் வேண்டும், அது பானை. பானைக்கு மேலே இறுகிய களிமண் வேண்டும், அது மூடி. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அடுப்பை மூட்டிப் பயன் இல்லை.

இனி நம் கடலுக்கும் இந்தக் கடலுக்கும் வருகிறேன். நோர்வேயும் பிரித்தானியாவும் ஒரு காலத்தில் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துபோக வெளிக்கிட்ட நிலங்கள். இடையில் இருந்த தரை இழுபட்டு, மெலிந்து, பாளம் பாளமாக உடைந்து சரிந்தது. ஆனால் பிரிவு முழுதாக நடக்கவில்லை. உடைவு மேற்கே அத்திலாந்திக் பக்கம் போய்விட, இது பாதியில் நின்றது. அப்படி நின்ற பள்ளம்தான் வடகடல். நம் பாக்கு நீரிணைக்குக் கீழேயும் இதே கதை. தெற்கே இருந்த பெருங்கண்டம் உடைந்தபோது இந்தியாவும் இலங்கையும் பிரிய வெளிக்கிட்டன, பிறகு விட்டுவிட்டன. காவிரி வாயிலிருந்து மன்னார்ப் பக்கம் வரை அடியில் மேடும் பள்ளமுமாக உடைந்து கிடப்பது அதனால்தான். இரண்டு படத்தையும் முதன்முதலாக ஒரே மேசையில் விரித்துவைத்த அன்று மத்தியானச் சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். தெரியாத தேசத்தில் சொந்தக்காரரைக் கண்ட சந்தோசம் அது.

வேற்றுமையும் உண்டு. இங்கே நின்றுபோன பள்ளம் ஆறி ஆறித் தொடர்ந்து தாழ்ந்தது. கறுப்புச் சேறு எங்கும் பரந்து படிந்து, அதன்மேல் களிமண் தடிப்பாக மூடி, ஆழத்தில் நன்றாக வெந்தது. நம் பக்கம் ஓரிடம் தாழ்ந்தது, ஓரிடம் அப்படியே நின்றது. சேறும் எல்லா இடத்திலும் அவ்வளவு கறுப்பில்லை. மேலே சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லின் முதுகில்தான் நம் தீவுகள் எல்லாம் இருக்கின்றன. ஆகவே நம்மிடம் அடுப்பு இருக்கிறது, பானையும் அங்கங்கே இருக்கலாம், சோறு எவ்வளவு வெந்தது என்பதுதான் தெரியாது.

3

போன ஆண்டு ஊருக்கு வந்திருந்தபோது நயினாதீவுக்குப் போகக் குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறினேன். இலங்கையின் தென்பகுதியில் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர் செல்லையா அண்ணை அடுத்த பலகையில் இருந்தார். மடியில் ஒரு பெரிய பார்சல். வள்ளம் வெளிக்கிட்டதும் என்னைக் கேட்டார்.

"தம்பி, எங்கடை கடலுக்குக் கீழையும் எண்ணெய் இருக்கெண்டு பேப்பரிலை போடுறாங்கள். மெய்யோ?"

"இருக்கலாம் அண்ணை. இல்லாமலும் போகலாம்."

"இதைச் சொல்லவோ உம்மைச் சம்பளம் குடுத்து வைச்சிருக்கிறாங்கள்?"

"ஓம் அண்ணை. சும்மா சொன்னாக் காணாது. படம் கீறிச் சொல்லவேணும்."

வள்ளம் முழுக்கச் சிரித்தது. செல்லையா அண்ணையும் சிரித்துவிட்டுப் பார்சலை மடியில் சரியாக இழுத்து வைத்தார். "எண்ணெய் வந்தா நல்லதுதான். ஆனா உந்த மிசினைக் கொண்டுவந்தா, முதல்லை என்ரை வளவிலை ஒரு நல்ல தண்ணிக் கிணறு கிண்டித் தரச் சொல்லும். எண்ணெயைப் பிறகு பாப்பம்" என்றார். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. ஓம், ஓம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

தீவாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. சுற்றிவரக் கடல். நிலத்துக்குக் கீழேயும் உப்புத் தண்ணீர். மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அந்த உப்புத் தண்ணீரின் மேலே ஒரு மெல்லிய படையாக மிதந்துகொண்டு நிற்கும். அதுதான் நாங்கள் குடிக்கும் நல்ல தண்ணீர். பேராசைப்பட்டு ஆழமாகக் கிண்டினால், அல்லது ஓய்வில்லாமல் அள்ளினால், கீழே கிடக்கும் உப்பு மேலே ஏறிக் கிணறு சவராகிவிடும். அதனால் அளவாகக் கிண்டி, அளவாக அள்ளி, கிணற்றை ஊறவிட்டுப் பிறகு அள்ளுவோம். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு மிடறு குடித்ததும், இந்தக் கிணறு எப்படி என்று நாக்கு எங்களுக்குச் சொல்லிவிடும்.

இப்படி வளர்ந்தவர்களைக் கொண்டுவந்து ஸ்தவாங்கரில் விட்டால் என்ன நடக்கும்? இங்கே ஆண்டு முழுக்க மழை. ஊர்ச்சனம் முழுவதும் வானத்தைத் திட்டிக்கொண்டு போகும்போது நான் மட்டும் சிரித்த முகத்தோடு நனைந்துகொண்டு கந்தோருக்கு நடப்பேன். நாகேஸ் வந்த முதல் மழைக்கே வீட்டில் இருந்த வாளி, சட்டி, பேசின் எல்லாவற்றையும் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வரிசையாக வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக் கிழவர் வந்து, உங்கள் குழாயை அடைத்துவிட்டார்களா, நான் போய்க் கதைக்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். குழாயைத் திறந்து காட்டினோம். அப்படியானால் இது எதற்கு என்று வாளிகளைக் காட்டினார். சும்மா விழுந்து வீணாகப் போகிறதே என்று நாகேஸ் தமிழிலேயே சொன்னாள்.

4

இனிச் சம்பவம். எழுபதுகளின் நடுவில் ஓர் இலையுதிர் காலம். நான் பேர்கன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பை முடித்து, இங்கே ஒரு எண்ணெய்க் கந்தோரில் தற்காலிக வேலையில் இருந்தேன். நாகேஸும் அப்போது மூன்று வயதுகூட நிரம்பாத சுகந்தியும் நயினாதீவில். அவர்களைக் கூப்பிட வேண்டுமானால் எனக்கு நிரந்தர வேலை இருக்கவேண்டும் என்று பொலிசில் வெளிநாட்டாரைக் கவனிக்கும் பிரிவில் சொல்லிவிட்டார்கள். தற்காலிக வேலைக்கு மனைவி வரமாட்டாள் என்பது சட்டம்.

அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர், பின்னல் கம்பளிச் சட்டைக்காரர். ஆனால் எங்கள் பெயர்கள் அவரைப் பாடாய்ப்படுத்தின. நான் கந்தையா தில்லையம்பலம். மனைவியின் பாஸ்போட்டில் அவளுடைய தகப்பன் பெயரோடு நாகேஸ்வரி. மகளோ தில்லையம்பலம் சுகந்தி. அவர் மூன்று பாஸ்போட் பிரதிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். இதில் யார் யாருடைய குடும்பம்?"

எங்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பன் பெயர்தான் முன்னால் வரும் என்றேன். அப்படியானால் கந்தையா எப்போது வருகிறார் என்று கேட்டார். அவர் காலமாகி நாளாகிவிட்டது என்றேன். மனம் வருந்துவதாகச் சொல்லிவிட்டு, அவர் பெயரைப் படிவத்தின் ஏதோ ஒரு பெட்டிக்குள் எழுதினார். அதை அழிப்பிக்க எனக்கு ஒரு மாதம் சென்றது.

கந்தோரில் என் பொறுப்பாளர் ஆர்னே. உயரமான மனிதர், என்னிலும் வயதில் மூத்தவர், பெரிய பதவியில் இருப்பவர். அவரோடு எனக்கு ஒரு விசித்திரமான கரைச்சல். நோர்வேஜியத்தில் எல்லாரையும் 'நீ' என்றுதான் சொல்லவேண்டும். பொறுப்பாளருக்கும் நீ, பாதிரியாருக்கும் நீ. எனக்கு அது ஏலாது. வாய் வரைக்கும் வரும், பிறகு உள்ளே போய்விடும். ஆகவே அவரை விளிக்காமலே வசனங்களைக் கட்டிப் பேசினேன். "படம் பார்க்கப்பட்டதா?" "கோப்பி குடிக்கப்படுமா?" ஒருநாள் அவர் பொறுக்காமல், "நான் அறைக்குள் இல்லாத மாதிரியே ஏன் என்னோடு பேசுகிறாய்?" என்று கேட்டார். அவர் பேச்சை எல்லாம் இனிமேல் 'நீர்' என்று மாற்றித்தான் எழுதப்போகிறேன். நம் வாசகர்களின் காதுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

அந்த இலையுதிர் காலத்தில் ஆர்னே சொன்னார்: "உம்மடை தற்காலிகம் இந்த மாதத்தோடை முடியுது. நிரந்தரமாக்கிறதோ இல்லையோ எண்டு வெள்ளிக்கிழமை மேலிடம் முடிவெடுக்கும். அதுக்கு முதல் ஒரு பெரிய கூட்டம் இருக்கு. அதிலை நல்லாச் செய்யும்." நான் உடனே நாகேஸுக்குத் தந்தி அடித்தேன். சனிக்கிழமை ஊர்காவற்றுறைத் தபால் கந்தோருக்கு வந்து நிற்கும்படியும், நான் தொலைபேசி எடுப்பதாகவும் சொன்னேன். முடிவு எதுவானாலும் அவளிடம் என் வாயாலேயே சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

5

கூட்டம் ஒரு புதிய துளையைப் பற்றியது. கடலுக்கு அடியில் சரிந்து கிடந்த ஒரு பாளத்தின் உச்சியில் துளைத்திருந்தார்கள். நல்ல மணற்கல் அகப்பட்டது. அதற்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அதை அறிய, துளைக்குள் ஒரு கருவியை இறக்கி, பாறைக்குள் மின்சாரத்தை விட்டுப் பார்ப்பார்கள். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். எண்ணெய் கடத்தாது. வடகடலில் ஆழத்துத் தண்ணீர் எல்லாம் உப்பு என்பதால், மின்சாரம் ஓடாவிட்டால் எண்ணெய் என்று எடுத்துக்கொள்வார்கள். இந்தத் துளையில் மின்சாரம் ஓடவில்லை. மேலே வந்த பாறைத் துணுக்குகளில் எண்ணெய் வாசம் இருக்கிறதா என்று பார்க்கலாம்தான். ஆனால் துளைக்குள் குழாய் சிக்கிக்கொண்டபோது அதைக் கிளப்ப டீசல் ஊற்றியிருந்தார்கள். எதை மணந்தாலும் டீசல் மணந்தது.

கூட்டத்தில் எல்லாருக்கும் முகம் மலர்ந்திருந்தது. நான் மட்டும் என் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாளம் உடைந்து சரிந்த காலத்தில் அதன் உச்சி கடலுக்கு மேலே நின்றிருக்கிறது. எத்தனையோ நாள் இருந்து அதன் கரையை நீலப் பென்சிலால் கீறியிருந்தேன். நீளமாக, ஒல்லியாக, சுற்றிவரக் கடலோடு அது ஒரு தீவு. மணற்கல் தீவு. அதன்மேல் மழை பெய்திருக்கும். மழை உள்ளே இறங்கியிருக்கும். உப்புக்கு மேலே நல்ல தண்ணீர் மிதந்திருக்கும். நல்ல தண்ணீரும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது.

அது எண்ணெயாக இருக்கவேண்டும் என்று அந்த அறையில் எல்லாரும் ஆசைப்பட்டார்கள். எனக்கோ அது தண்ணீராக இருந்தால் எவ்வளவு நல்லது என்று தோன்றியது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மூடி வைத்த நல்ல தண்ணீர். சம்பளம் எண்ணெய்க்கு என்பது அந்த நிமிடம் நினைவிலேயே இல்லை.

ஆர்னே எழுந்து, இது எண்ணெய் என்பதில் ஐமிச்சம் இல்லை என்று முடித்தார். நானும் எழுந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே எழுந்தேன்.

"நீ பிழை" என்றேன்.

அவரை முதன்முதலாக 'நீ' என்று சொன்னது அன்றுதான். படத்தை மேசையில் விரித்து, இது தீவு, இது கரை, இங்கே மழை, உள்ளே நல்ல தண்ணீர் என்று கையால் காட்டிக் காட்டிப் பேசினேன். நயினாதீவுக் கிணறுகளைப் பற்றியும் பேசினேன். அளவாக அள்ளவேண்டும் என்றுகூடச் சொன்னதாகப் பிறகு சொல்லிச் சிரித்தார்கள்.

ஆர்னே நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தார். "நல்ல தண்ணியெண்டா எங்களுக்கு நட்டம், விளங்குதோ?" என்றார்.

"விளங்குது" என்றேன். "எண்டாலும் தண்ணிதான்."

துளையைத் திறந்துவிட்டு, என்ன மேலே வருகிறது என்று பார்க்கத் தீர்மானமானது. வெளியே வந்து மழையில் நின்ற பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. என்னை நிரந்தரமாக்கச் சொல்லி மேலிடத்தில் பேசவேண்டியவர் ஆர்னே. நாகேஸ் தந்தி கிடைத்து இந்நேரம் வள்ளத்துக்கு ஆள் விசாரித்துக்கொண்டிருப்பாள். பெண்சாதி பிள்ளையின் விசாவை ஒரு வாளி தண்ணீருக்கு விற்றுவிட்டு வந்து நிற்கிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

6

வெள்ளிக்கிழமை காலை மேடையில் இருந்து செய்தி வந்தது. எண்ணெய்.

கொஞ்சமல்ல, நிறைய. மேல்மாடியில் கைதட்டல் கேட்டது. இந்த ஊரில் எதற்கும் கேக் வெட்டுவார்கள், இதற்கு வெட்டாமல் விடுவார்களா? நான் படங்கள் வைக்கும் அறைக்குள் போய் என் லாச்சியை ஒழுங்குபண்ணத் தொடங்கினேன். எது கந்தோருடையது, எது என்னுடையது என்று பென்சில்களைப் பிரித்தேன். நான் எங்கே பிழை விட்டேன் என்பது அப்போது வெளிச்சமாகத் தெரிந்தது. தீவையும் மழையையும் சரியாகக் கண்டேன். ஆனால் அந்தத் தீவு பிறகு மூழ்கிவிட்டது. அதன்மேல் களிமண் மூடியது. பக்கத்துப் பள்ளத்தில் கறுப்புச் சேறு வெந்து, எண்ணெய் ஏறிவந்து, இருந்த தண்ணீரைக் கீழே தள்ளிவிட்டு அந்த இடத்தில் குந்திக்கொண்டது. இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் படிப்பிக்கலாம். தீவு மூழ்கும் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது. கண்ணும் கலங்கியது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஆர்னே வந்தார். ஒரு கையில் கேக் துண்டு, மறு கையில் தண்ணீர்க் குவளை.

"இஞ்சை என்ன செய்யிறீர்? கேக் முடியப்போகுது."

"என்ரை சாமானை எடுக்கிறன்."

"எங்கை போறீர்?"

"வெள்ளிக்கிழமையெல்லோ" என்றேன்.

அவர் தண்ணீர்க் குவளையை என் மேசையில் வைத்தார். பிறகு நான் சுருட்டி வைத்திருந்த படத்தை எடுத்து மறுபடியும் விரித்தார். என் நீலக் கோட்டின்மேல் விரலை வைத்துக் கரையோரமாக ஓட்டிக்கொண்டு போனார்.

"நீர் கீறின தீவு சரி" என்றார். "தண்ணிதான் பிழை."

எனக்கு விளங்கவில்லை. அவர் கேக்கை என் கையில் தந்துவிட்டு இரண்டு கையாலும் விளங்கப்படுத்தினார். உச்சி தீவாக நின்றதென்றால், அலை அதை அரித்திருக்கும். அரித்த மணல் சரிவில் இறங்கி, கடலுக்குள் எங்கேயோ குவிந்திருக்கும். அந்த மணலுக்குள்ளும் எண்ணெய் இருக்கலாம். அதைத் தேட வேண்டுமானால் கரை எங்கே இருந்தது என்று தெரியவேண்டும். இந்தக் கந்தோரில் ஒருவருக்கும் கரையைக் கீற யோசனை வரவில்லை. "நாங்கள் எல்லாரும் எண்ணெயைப் பாத்தம். நீர் ஊரைப் பாத்தனீர்" என்றார். மேலிடத்தில் காலையிலேயே பேசிவிட்டாராம். இனி அந்தச் சரிவு முழுவதும் என் பொறுப்பு. நிரந்தரம்.

நான் அழுதுவிட்டேன். கேக்கை வைக்க இடம் இல்லாமல் கையில் பிடித்துக்கொண்டே அழுதேன். அவருக்கு இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாது. இந்த நாட்டுக்காரர் யாருக்கும் தெரியாது. தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "தண்ணியைக் குடியும்" என்றார்.

"நீ நல்ல மனிசன்" என்றேன். இரண்டாம் முறை நாக்கு சிக்கவில்லை.

7

சனிக்கிழமை தொலைபேசி இணைப்புக் கிடைக்கப் பாதி நாள் போனது. ஒஸ்லோவில் ஒருவர், லண்டனில் ஒருவர், கொழும்பில் ஒருவர் என்று ஒவ்வொரு கையாக மாறி, கடைசியில் ஊர்காவற்றுறைத் தபால் அதிபரின் குரல் கேட்டது. "ஓம் ஓம், பிள்ளை இஞ்சைதான் நிக்குது. வெள்ளனவே வந்திட்டினம். கெதியாக் கதையும், லைன் அறுந்துபோகும்" என்றார். பின்னால் ஒரே சத்தம். நாகேஸ் தனியாக வரவில்லை என்பது விளங்கியது. அவளுடைய தமையன், மச்சாள், வழியில் சேர்ந்தவர்கள் எல்லாரும் முடிவு கேட்க வந்து நிற்கிறார்கள்.

"இஞ்சாருங்கோ" என்றாள். "என்ன மாதிரி? வேலை கிடைச்சுதோ?"

கிடைத்தது என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அவளிடம் எதையும் முழுதாகச் சொல்லாமல் இருக்க என்னால் ஏலாது. கூட்டம், தீவு, மழை, பொறுப்பாளரைப் பார்த்து நீ பிழை என்று சொன்னது, பிறகு எண்ணெய் வந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"பொறுங்கோ" என்றாள். "நீங்கள் தண்ணி எண்டனீங்கள்."

"ஓம்."

"வந்தது எண்ணெய்."

"ஓம்."

"எல்லாருக்கும் முன்னாலை பிழையாச் சொன்னனீங்கள்."

"ஓம் நாகேஸ்."

"அதுக்கோ வேலை தந்தவங்கள்?"

"ஓம். நிரந்தரம். இனி நீங்கள் ரெண்டு பேரும் வரலாம்."

அவள் தொலைபேசியை விட்டு முகத்தைத் திருப்பி யாருக்கோ சொல்வது கேட்டது. "பிழையாச் சொன்னதுக்கு வேலை குடுத்திருக்கிறாங்களாம்." தபால் கந்தோர் முழுக்கச் சிரித்தது. தபால் அதிபர் சிரித்தது தனியாகக் கேட்டது. சுகந்தி எதற்கென்று தெரியாமல் கத்திச் சிரித்தாள். அவள் குரலை அப்படிக் கேட்டு எத்தனையோ மாதம். நான் குளிரில், தொலைபேசிக் கண்ணாடிக் கூட்டுக்குள், இந்தப் பக்கத்தில் தனியாக நின்று சிரித்தேன்.

நாகேஸ் திரும்பவும் பேசினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்தறிய முடியவில்லை.

"அப்ப ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ" என்றாள். "நாங்கள் வந்து இறங்குமட்டும் ஒண்டையும் சரியாச் சொல்லிப்போடாதேங்கோ."

வசந்தம் தொடங்கும் நேரம் அவர்கள் வந்து இறங்கினார்கள். அதுவரைக்கும் நான் ஒரு கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை.